கஜந்தினிக்கு நாலு பிறந்த நேரம்

குலசேகரத்துக்கு எழுபத்துமூன்று வயது. மோர்டனில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறார். தன்னைப் போல இரகசியம் காப்பவர் லண்டனிலேயே இல்லை என்பது அவருடைய சொந்த மதிப்பீடு. விலாசம் உள்ள கடித உறையைக் குப்பையில் போடமாட்டார். கடதாசி அரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

எங்கள் முதியோர் சங்கத்தில் ஒரு கணினி உண்டு. பாவிப்பவர் பெயர், நேரம், அலுவல் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். அது செயலாளரான என் பொறுப்பு. ஆறு வருடத்தில் குலசேகரம் ஒரு தடவையும் அதில் எழுதியதில்லை; அவருக்காக நான்தான் எழுதிக்கொள்வேன்.

“அண்ணை, இது டேட்டா புரொட்டெக்‌ஷன். நான் என்ன பார்க்கிறன் எண்டு உங்களுக்கு ஏன்?”

கதிரையில் உட்கார்ந்ததும் இந்த உரிமைப் போராளி வேறு ஆளாகிவிடுவார். நீங்கள் பார்ப்பதையும் எழுதுவதையும் குக்கீ என்ற பெயரில் இந்த இயந்திரத்தில் சேமித்து வைக்கலாமா என்று இணையத்தளங்கள் கேட்கும். குலசேகரம் ஒரு சொல்லும் வாசிக்காமல் ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்பதை அமத்துவார்.

“கீழ ‘வேண்டாம்’ எண்டும் இருக்கு, அண்ணை,” என்று கணினி சொல்லிக்கொடுக்கும் பெனிற்றா ஒருமுறை காட்டினார்.

“அது சும்மா போட்டிருக்கிறாங்கள், பிள்ளை. அமத்தினால் சைட் திறக்காது.”

அவருடைய மகள் கஜந்தினி மருந்தாளர், முப்பத்தொரு வயது. அவளும் பக்கத்து ஊரான சட்டனில் இருக்கும் ஹரிசனும் இரண்டு வருடமாக விரும்பியிருந்தார்கள். ஹரிசனின் தகப்பன் ஞானேஸ்வரனும் எங்கள் சங்கத்தவர்தான். கலியாணத்துக்கு ஒன்றுதான் பாக்கி: ஹரிசனின் தாய் சாதகம் பார்க்கவேண்டும் என்றார்.

மார்ச் நாலாம் திகதி செவ்வாய்க்கிழமை குலசேகரம் எங்கள் கணினியில் ஒரு சாதகத் தளத்தைத் திறந்து மகளின் பிறந்த நேரத்தைப் போட்டார். செவ்வாய் ஏழாம் வீட்டில் நின்றது. நேரத்தை மாற்றினார். நாலாவது நேரத்தில்தான் குற்றம் நீங்கியது. அதை அச்செடுத்து ஞானேஸ்வரனிடம் கொடுத்தார். வீட்டுக் கணினியில் செய்தால் மகள் கண்டுவிடுவாளாம். அதனால் நாற்பது பேர் பாவிக்கும் கணினியைத் தெரிவுசெய்தார் இந்தக் கெட்டிக்காரர். பிறகு வீட்டுக்குப் போய், காலமான மனைவி சிவனேஸ்வரி குழந்தை பிறந்த நேரத்தை எழுதி வைத்திருந்த ஆஸ்பத்திரி அட்டையையும் அரைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பொருத்தம் பார்க்க ஞானேஸ்வரன் அதே கணினியில் அதே தளத்தைத் திறந்தார். ‘மீண்டும் வருக’ என்று அது வரவேற்றது. கீழே நாலு சாதகம். நாலும் கஜந்தினி. ஒரே திகதி, நாலு நேரம்.

“அண்ணை, இஞ்ச வாங்கோ! குலசேகரத்துக்கு ஒரே நாளில நாலு பெட்டையள் பிறந்ததோ?”

அந்த நேரங்களை நானும் பார்த்தேன். எழுதவில்லை. எழுதக்கூடாது என்பதுதானே அவருடைய ஆறு வருடச் சட்டம்.

ஞானேஸ்வரன் அங்கிருந்தே குலசேகரத்துக்குத் தொலைபேசி எடுத்தார். “செவ்வாய் பெரிசில்லை, ஐசே. பொய்தான் பெரிசு. உண்மையான நேரத்தைக் கொண்டுவாரும். என்ர மனுசியோட நான் கதைக்கிறன்.”

அரை மணித்தியாலத்தில் குலசேகரம் வியர்க்க வியர்க்க வந்தார். ஞானேஸ்வரன் போய்விட்டிருந்தார். குலசேகரம் மன்னிப்புக் கேட்கவல்ல, பெனிற்றாவை அதட்டத்தான் வந்திருந்தார்.

“உதில இருக்கிறதெல்லாத்தையும் அழியுங்கோ. எனக்கு உரிமை இருக்கு.”

“எல்லாத்தையுமோ, அண்ணை?”

“ஓம், எல்லாத்தையும்.”

பொய் நேரங்கள் மூன்றோடு உண்மையான நேரமும் அழிந்தது.

ஹரிசன் சொல்லி விஷயம் அறிந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை கஜந்தினி நேரே சங்கத்துக்கு வந்தாள். தகப்பன் தேநீரும் கையுமாக இருந்தார்.

“அப்பா, நான் எத்தினை மணிக்குப் பிறந்தனான்?”

“விடிய நாலு பத்து. இல்லை, அஞ்சு இருவத்தஞ்சு... பொறு பிள்ளை.”

“அம்மா எழுதின ஆஸ்பத்திரிக் காட் எங்க?”

“அது பழைய கடதாசியளோட அரைபட்டுப்போச்சு, பிள்ளை.” இந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் நேரம் எழுதமாட்டார்கள். ஆஸ்பத்திரியும் பழைய கோப்புகள் இல்லை என்று அவளுக்குப் பதில் அனுப்பிவிட்டதாம்.

“அங்கிள், உங்கட புத்தகத்திலயாவது இருக்கோ?”

மார்ச் நாலாம் திகதிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ‘குலசேகரம். பி.ப. 2.10 முதல் 3.35 வரை. அலுவல்: சொல்ல மறுத்தார்.’

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். அப்படியே சட்டனுக்கு, ஹரிசனின் பெற்றோர் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

“என்ர நேரம் ஒருத்தருக்கும் தெரியாது, மாமி. இனித் தெரியவும் வராது,” என்று அங்கே சொன்னாளாம். ஞானேஸ்வரனுக்கு அது போதுமாயிருந்தது. அவர் மனைவிக்குப் போதவில்லை. கலியாணம் ஜூன் பதினாலாம் திகதி, முகூர்த்தம் பார்க்காமல், மாப்பிள்ளையின் தாய் இல்லாமல், பதிவு அலுவலகத்தில் நடந்தது.

குலசேகரத்துக்கு மகள் அழைப்பிதழை மின்னஞ்சலில்தான் அனுப்பியிருந்தாள். அவர் அதைச் சங்கத்துக் கணினியில் திறந்தார். பதிவேட்டை நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார். அழைப்பிதழ் தளம் குக்கீ கேட்டது.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்.