நாற்பதில் நின்ற முள்

என் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். நாற்பதைத் தாண்டவே மாட்டாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான்; இவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். எனக்கு அந்த வண்டியில் ஏறினால் தூக்கம்தான் வரும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவளைத் தேடி வருவதும் அதற்காகத்தான்.

அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, பள்ளியின் போக்குவரத்து அதிகாரி, "தினமும் நாப்பதைத் தாண்டுறீங்கம்மா" என்றார். வேன்களில் புதிதாக மாட்டிய ஜிபிஎஸ் கருவி நாற்பத்து நான்கு காட்டுகிறதாம்.

"முள்ளு நாப்பதுலதான் சார் நின்னுச்சு."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அடுத்த வாரம் நானே கூட வந்து பாக்கறேன். அப்பவும் தாண்டினா வேனை நிறுத்திடுவோம்."

மறுநாள் பயந்துபோய் முப்பதில் ஓட்டினாள். பிள்ளைகள் முதல் வகுப்புக்குத் தாமதம்; அதற்கு வேறு திட்டு. "ஒருவேளை நான்தான் கவனிக்காம ஓட்டிட்டேனாடா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளையும் அவள் கணவரான மாமாவையும் வேனில் ஏற்றி மீட்டர் மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் மீட்டரைத் தொடவேயில்லை. குனிந்து டயரைப் பார்த்தார். "இது வண்டியோட வந்த அளவு இல்லையே?"

மாமா தொண்டையைச் செருமினார். மழைத்தண்ணீர் வண்டிக்குள் ஏறக்கூடாதென்று, போன மழைக்கு முன்னால் பெரிய டயராகப் பார்த்து மாட்டியவர் அவர்தான்.

"டயர் பெருசானா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது எப்படித் தெரியும்? பழைய டயர்க் கணக்குலயே காட்டிட்டு இருக்கு" என்றார் மெக்கானிக்.

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா டயரைப் பார்த்தார்.

"நல்லது நினைச்சுத்தான்..."

"யாரு இல்லைன்னா?"

காலி வண்டியில் அளக்கக்கூடாதாம். பாரம் ஏறினால் டயர் அமுங்கும். பிள்ளைகளுக்கு எங்கே போவது? பட்டறை ஆட்கள், பக்கத்துக் கடைக்காரர், அவர் மனைவி, நான் என்று கிடைத்தவரையெல்லாம் ஏற்றினார்கள். மாமா ஒருவரே மூன்று பிள்ளை கனம். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டார். டயர் ஒரு சுற்று சுற்றும்வரை அக்கா வண்டியை மெதுவாக நகர்த்தினாள். அவர் அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்து, புது அளவை மீட்டரில் ஏற்றிக் கொடுத்தார்.

சொன்னபடி ஒரு விடுமுறை நாளில் அதிகாரி வந்தார். செல்போனில் வேகம் காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். துணைக்கு நான் பின்னால். முள் நாற்பதுக்கு வந்தது. அவர் போனைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"நாப்பதுதான்" என்றார். இரண்டு தெரு தாண்டிய பிறகு, "நீங்க சொன்னப்பவே வண்டியைப் பாக்கச் சொல்லியிருக்கணும்மா. திங்கக்கிழமை வழக்கம்போல வாங்க" என்றார்.

அவர் இறங்கிப்போனதும் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். "பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு வேகமாத்தான் போயிருக்கேன். ஆனா தெரிஞ்சு போகலடா. எனக்கு அது போதும்."

எனக்கும் கண் கலங்கியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் சரியாப் போச்சு. திங்கக்கிழமை என்னைக் கொஞ்சம் சீக்கிரமா எழுப்பிவிடுங்க. நிஜ நாப்பதுல போனா நேரமாகும்."