கண்ணாடிக்குள் இருந்த குழாய்

அக்காவின் பிள்ளைக்கு ஏன் கழுத்து நிற்கவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. மாசமாக இருந்தபோது அக்கா கிரகணத்தன்று பூசணிக்காய் அரிந்தாள், அதனால்தான். மாகறலிலிருந்து அவள் மாமியார் சொல்லி அனுப்பிய காரணம் அது. அம்மாவும் அதை நம்பினாள். ஐந்தாம் மாதம் தாண்டியும் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக யாரும் வரவில்லை. அக்காவின் புருஷன், எங்கள் மாமாவுக்கு, வேறு பெண் பார்க்கிறார்கள் என்று களை பறிக்கப் போன இடத்தில் அம்மாவின் காதில் விழுந்தது.

எனக்கு மட்டும் அது பிடிபடவில்லை. நான் அப்போது உத்திரமேரூரில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வம் அப்போதும் நிறைய, இப்போதும் குறையவில்லை. கிரகணம் என்பது நிழல் என்று படித்திருந்தேன். நிழல் எப்படிப் போய் ஒரு பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும்?

காஞ்சிபுரத்து டாக்டரிடம் அக்காவையும் பிள்ளையையும் நான்தான் பஸ்ஸில் கூட்டிப் போனேன். மடங்கிக் கிடந்த பிள்ளையின் கையை அவர் விரித்துப் பார்த்தார்.

"பொறந்ததும் அழுதானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் மயக்கத்தில் இருந்தவள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அம்மாவும் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த அழுகைக்காகத்தான் காத்திருந்தோம். உள்ளே தட்டுகிற சத்தம் வந்தது, தண்ணீர் தெளிக்கிற சத்தம் வந்தது, அழுகை மட்டும் வரவில்லை. ரொம்பக் கழித்து, பூனைக்குட்டி முனகுவது போல ஏதோ கேட்டது.

"மூச்சு லேட்டா வந்திருக்கு. அந்த நேரத்துல மூளை அடிபட்டுப்போச்சு," என்றார் டாக்டர். "வாயில இருந்த சளிய ஒடனே உறிஞ்சி எடுத்திருக்கணும். எடுக்கலையா?"

திரும்பும்போது அக்கா பிள்ளையின் நெற்றியையே தடவிக்கொண்டு வந்தாள். எனக்கோ கேள்வி மேல் கேள்வி. வயிற்றுக்குள் தண்ணீரில் கிடந்த பிள்ளை அதுவரை எப்படி உயிரோடு இருந்தது? வெளியே வந்தவுடன் மூச்சுவிட அதற்கு யார் சொல்லித்தருகிறார்கள்? மறுநாள் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். அவர் முகம் சிவந்து, "அதெல்லாம் கல்யாணமானா தெரியும், உக்காரு" என்றார். கல்யாணமான அக்காவுக்கே தெரியவில்லையே என்று நினைத்தபடி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை, பிள்ளை பிறந்த எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே போனேன். பிரசவம் பார்த்த நர்ஸம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா புள்ளைக்கு ஏன் சளி உறிஞ்சல, நர்ஸம்மா?"

"இன்னா பொண்ணே, கேசு போடப் போறியா?"

"இல்ல. தெரிஞ்சிக்கணும்."

கையிலிருந்த துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே கூட்டிப் போனார். ஒரு கண்ணாடி பீரோவைக் காட்டினார். கத்தரிக்கோல், இடுக்கிகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் குழாய் சுருண்டு கிடந்தது. ஒரு முனையைப் பிள்ளையின் வாயில் விட்டு, மறுமுனையில் நர்ஸ் தன் வாயால் உறிஞ்ச வேண்டுமாம். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்.

"அன்னிக்கு ஆயுத பூஜ. கம்பவுண்டர் சாமானெல்லாம் கழுவி, குங்குமம் வெச்சி, உள்ள அடுக்கிப் பூட்டி, சாவியோட ஊருக்குப் போய்ட்டாரு. மறுநா பூஜ பண்ணிட்டுத்தான் எடுக்கணும். டாக்டரம்மாவும் இல்ல."

"கொழா கண்ணுக்குத் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"கண்ணாடிய ஒடைச்சிருக்கலாமே?"

"சாமிக்கு வெச்சத ஒடைச்சி எடுக்கறதா? கை போவல பொண்ணே. வெரல்ல துணியச் சுத்தித் தொடைச்சேன். தலகீழாப் புடிச்சித் தட்டினேன்." பீரோவையே பார்த்தபடி, "ஒடைச்சிருக்கணும்," என்றார்.

கோபம் வந்தது. அதைவிட வியப்பு வந்தது. அதே நாளில் நானும் என் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கிவிட்டுத் தொடாமல்தான் இருந்தேன். புத்தகம் ஒரு நாள் காத்திருக்கும். மூச்சும் காத்திருக்கும் என்று இவர்கள் எப்படி நினைத்தார்கள்?

பங்குனியில் அக்காவின் மாமியாரும் மாமாவும் வந்தார்கள். மாமா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். மாமியார் அம்மா கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை.

"சம்மந்தி, கெரகணத்துல காய் அரிஞ்ச பொண்ண வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? எம் புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கினு கீறோம். சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் டாக்டர் கேட்டதையும், பீரோவையும், குழாயையும், ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூஜைல வெச்சத எப்டித் தொடுவாங்க? அந்த நர்சு பண்ணதுதான் சரி."

"சரியாவே இருக்கட்டும் அத்தே. அந்தக் கொழாய எடுக்காததாலதான மூச்சு வரல? இதுல எங்க அக்கா எங்க வந்தா?"

"நாலெழுத்து படிச்சிட்டா வாய் இந்த நீளம் நீளுது," என்று மாமியார் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

மாமா வாசற்படியில் கால் வைத்தார். "கொழா வெளியத் தெரியறாப்பலயா இருந்துச்சி?"

"ஆமா மாமா. இப்பவும் அதே பீரோலதான் கீது. போய்ப் பாருங்க."

அவர் உண்மையாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். மாமியாரும் அம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"சுண்டைக்கா அளவுதான் பூட்டு. இழுத்தா கையோட வந்துடும்." தன் அம்மாவைப் பார்த்து, "வேற எடமெல்லாம் வாணாம்மா. நீ மின்னாடி நட, நாங்க மூணு பேரும் பின்னால வரோம்," என்றார்.

பிறகு பாயில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் குந்தி, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, அவர் உள்ளங்கையைத் திருப்பி, பிள்ளையின் பிடரிக்கு அடியில் வைத்தாள்.