இரண்டு ஷிப்ட்டுத் தூரம்

மகன் அமெரிக்கா போகிறேன் என்றபோது, போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்றுதான் முதலில் கேட்டேன். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பதினாலாயிரம் கிலோமீட்டர், நேராகப் போகிற விமானத்தில் பதினேழு மணி நேரம் என்றான். கிலோமீட்டர் எனக்குப் பிடிபடவில்லை. மணி பிடிபட்டது.

"இவ்ளோதானா? ரெண்டு ஷிப்ட்டு. உங்கப்பா டபுள் டூட்டி பாத்துட்டு வந்து, கறி ஆக்கலியான்னு கேட்டவரு."

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். தங்கச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த கோரமண்டலில் எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். ஷிப்ட்டு முடிந்து சுரங்கத்தில் ஆள் ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தால், ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் தெருவெல்லாம் சொல்லிவைத்தேன், என் பிள்ளை ரெண்டு ஷிப்ட்டுத் தூரத்தில்தான் இருக்கிறான், கூப்பிட்டால் வந்து நிற்பான் என்று.

போன மாசியில் ஒரு காலை அவர் போய்விட்டார். போனில் மகன் அழுதான். விசா மாற்றப் பேப்பர் கொடுத்திருக்கிறானாம். இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம்.

"இன்னாம்மா பண்றது? நீ வான்னு சொன்னா வந்துடறேன்."

"வராதடா. நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்தேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"இன்னாக்கா, புள்ள வரானா?"

"கெளம்பிட்டான்."

வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐஸ் பெட்டி வந்தது. எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். பறை அடிக்க வந்தவர்கள் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏரோபிளான்ல சோறு போடுவானுங்களா?"

"சாராயமே ஊத்துவானுங்களாம்."

"அப்ப உன்ன ஏத்துனா நீ எறங்கவே மாட்டடா."

மறுநாள் மத்தியானம் வரை அப்படியே போனது. இவரோடு ஒரே கேஜில் இறங்கி ஏறிய கூட்டாளி ஒருத்தர், தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவர் என் பக்கம் வந்து குனிந்தார்.

"அண்ணி, ரெண்டு ஷிப்ட்டு முடிஞ்சி மூணாவதும் முடிஞ்சிபோச்சி."

சுரங்கத்து ஆளிடம் அந்தக் கணக்கை எப்படி மறைப்பேன்? ஷிப்ட்டு முடிந்தும் ஆள் மேலே வராவிட்டால், அந்த வீட்டுப் பொம்பளையிடம் நாங்கள் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். அவரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"ஃபிளைட்டு லேட்டாம்பா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். அண்ணி சொல்ட்டாங்க."

பாடையில் இவரைத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரைகளுக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது.

"அதுலதான் வரான் போலகீது," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தோள் கொடுத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். வராதே என்று சொன்னவள் நான். நானும் பார்த்தேன்.