அண்ணாச்சி சொன்ன இரண்டு அமெரிக்கா

எங்கள் அண்ணாச்சி அவர்களின் கருமாதி நாளில் இந்நினைவு மலர் தங்கள் கைக்கு வருகிறது. இதை எழுத வேண்டியவன் என் மகன். மணம் செய்துகொள்ளாத பெரியப்பாவுக்கு அவனே பிள்ளை. அவன் அமெரிக்காவில் படிக்கிறான். போர் அந்தப் பக்கமும் பரவிய பின் கடிதம் இல்லை. ஆகவே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணாச்சி ஆரியசாலைக் கடைத்தெருவில், எங்கள் மிளகு மண்டிக்குப் பின்னாலிருந்த வீட்டில் பிறந்தார்கள். கலாசாலைப் படிப்பு முடிந்ததும் தகப்பனார் ஒரு சரக்குக் கிட்டங்கியை விற்று, இயந்திரப் படிப்புக்காக அவர்களைச் சிகாகோவுக்கு அனுப்பினார். அங்கேயே ஆலை வேலையும் கிடைத்தது. இருபதுகளின் செழிப்பையும் முப்பதுகளின் பட்டினியையும் ஒரே தெருவிலிருந்து பார்த்தார்கள். ஆலை மூடி, தகப்பனாரும் காலமானபின் திரும்பி வந்து மண்டியை நிமிர்த்தினார்கள். என் படிப்பும் உத்தியோகமும் அவர்கள் தந்தவை. சரக்கு வண்டிக்காரரிடம்கூட, சாப்பிட்டாரா என்று கேட்ட பிறகே விலை பேசுவார்கள்.

என் மகன் அமெரிக்கா போகவேண்டும் என்று நின்றபோது, அந்தக் கெட்ட காலத்தைச் சொல்லி அவனைத் தடுக்கும்படி அண்ணாச்சியை வேண்டினேன்.

"ரெண்டு காலத்தையும் சொல்லுதேன்டே. பாதி சொன்னா அது பொய்யாயிரும்" என்றார்கள்.

சொன்னார்கள். முதல் பத்தாண்டில் தவணையில் வாங்கிய மோட்டாரும் ரேடியோவும் வீட்டுக்கு வீடு இருந்தன. தங்கிய விடுதியில் எதிர் அறைக்காரரின் பெயர்கூட அண்ணாச்சிக்குத் தெரியாது. நிறத்தைப் பார்த்து, முடி வெட்ட மாட்டேன் என்று கதவைச் சாத்தியவரும் உண்டு. அடுத்த பத்தாண்டில் கழுத்துப் பட்டை அணிந்த எஞ்சினீயர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையிலேயே ஒருவர் சரிந்து விழுந்து இறந்தார். விடுதிக்கார அம்மாள் வாடகை கேட்பதை விட்டுவிட்டார். கிடைத்ததையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சி எல்லோரும் குடித்தார்கள். எதிர் அறைக்காரர் உப்புக் கேட்டு வந்தபோதுதான் பெயர் தெரிந்தது.

விழுந்தவரைப் பற்றி என் மகன் கேட்கவில்லை. பானையைப் பற்றித்தான் கேட்டான். "நல்ல காலத்துலதான் ஆளில்ல பெரியப்பா. கெட்ட காலத்துல சோறு போட்டாங்கல்லா? பின்ன எனக்கு என்ன பயம்?" என்றான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்கள். போகட்டும் என்றேன். தம்பானூர் ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு இருவரும் வீடு திரும்பினோம்.

மார்புச் சளியில் படுத்த நாள்முதல் தபால் வந்ததா என்பதே அண்ணாச்சியின் கேள்வி. கடைசி நாளன்று என் கையைப் பிடித்து, "பசிச்சா அவன் வாய்விட்டுக் கேப்பான்லாடே?" என்றார்கள். கேட்பான் என்றேன். பெற்ற தாயிடமே இரண்டாம் முறை சோறு கேட்காத பிள்ளை அவன். இது அண்ணாச்சிக்கும் தெரியும்.

நோய் முற்றியபோதே அவனுக்குத் தந்தி கொடுத்தோம், பதில் இல்லை. கொள்ளி நானே வைத்தேன்.

கட்டணம் வாங்காத வைத்தியருக்கும், தோள் கொடுத்த ஆரியசாலை வியாபாரிகளுக்கும், ஊரிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் மகனிடமிருந்து யாருக்கேனும் கடிதம் வந்தால் எங்களுக்கு ஒரு வரி தெரிவிக்க வேண்டுகிறேன். பெரியப்பா காலமானதை அவனுக்கு நீங்கள் எழுத வேண்டாம். அங்கே அவன் கேட்காமலே அவனுக்கு உணவிடுகிறவர் எவரேனும் இருந்தால் அவருக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாததால் இங்கே அச்சிட இயலவில்லை.