எங்காத்து வில்லன்

என் கணவர் பூவராகவனைப் போல ஒரு சாதுவை தில்லி ஜனக்புரி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒருத்தரைக்கூட நாளைக்கு வரச் சொன்னதில்லை. அதனாலேயே அவர் ஜன்னலில்தான் க்யூ நீளும். ஆளைப் பார்த்தால் நூறு கிலோ. பஸ்ஸில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் சாரி சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது இவரையும் அனுப்பிவிட்டார்கள். உத்தம் நகரில் குர்தீப் என்ற சர்தார்ஜி, டிவியில் காட்டுகிற மாதிரி குஸ்தி ஷோ நடத்துகிறவர், கணக்கு எழுத ஆள் தேடினார். இவர் போனார். கணக்கு எழுதப் போன மனுஷன் ஒருநாள் சாயங்காலம் முதுகெல்லாம் சிவந்து வந்து நின்றார்.

"விழக் கத்துண்டேன் வைதேஹி!" என்றார், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

"நாப்பது வயசுக்கு மேல இது என்ன கூத்து? எலும்பை முறிச்சுண்டா யார் பாத்துப்பா?"

இவர் சின்ன வயசிலிருந்தே டிவியில் அந்தச் சண்டைகளைக் கண்கொட்டாமல் பார்ப்பவர்தான். ஆனால் இறங்குவார் என்று யார் கண்டது? உட்காரவைத்து விளக்கினார். யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே பேசி வைத்ததாம். ஆனால் விழுவது நிஜம். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி, முதுகு முழுக்க ஒரே சமயத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். பிடி போட்டிருக்கும்போது எதிராளி யாருக்கும் தெரியாமல் கையை அழுத்துவான். நன்றாக இருந்தால் பதிலுக்கு அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறினால் என் கையை அழுத்துவார். நான் பதிலுக்கு அழுத்தும்வரை விடமாட்டார்.

குர்தீப் இவருக்கு வில்லன் வேஷம் கொடுத்தார். விழ வந்துவிட்டது. வில்லத்தனம்தான் வரவில்லை. குர்தீப்புக்குத் தொழில் தெரியும். ஹீரோவைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, வில்லன் உதைபடுவதைப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள் என்பார். நம்மவரோ எதிராளியைத் தள்ளிவிட்டு, "சாரி பையா" என்று அண்ணன் முறை கொண்டாடிக் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறார். ஜனங்கள் கைதட்டினார்களாம். குர்தீப் தலையில் அடித்துக்கொண்டு, "அடுத்த ஷோவிலும் உன்னை ஒருத்தரும் வெறுக்கவில்லை என்றால் பேசாமல் கணக்கு மட்டும் எழுது, ரிங்கில் கால் வைக்காதே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இவர் தட்டில் போட்ட சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். வேலை போனபோதுகூட இப்படி இடிந்துபோகவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த வாரம்தான் ஒரு சர்க்கார் ஆபீஸில், ரேஷன் கார்டில் என் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்த நடையாய் நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைச் சோபாவில் எறிந்தேன்.

"பதினோரு மணிக்கு லஞ்ச் டைமாம்! எப்போ போனாலும் 'கல் ஆனா, கல் ஆனா'ன்னு நாளைக்கு வரச் சொல்றான், கட்டையில போறவன்!" அந்தக் குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததையும், பல்லைக் குத்திக்கொண்டே கையை வீசியதையும் அப்படியே நடித்துக் காட்டினேன்.

இவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். "இன்னொரு தரம் பண்ணு," என்றார்.

ஷோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உத்தம் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில். எனக்கு முன் வரிசை. ஆனால் ஒரு நிபந்தனை. "நீ என் பெண்டாட்டின்னு ஒருத்தருக்கும் தெரியப்படாது. பெண்டாட்டி பதறினா ஜனங்களுக்கு என்மேல இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா என் கதை முடிஞ்சுது."

சஃபாரி சூட்டும் மூக்குக்கண்ணாடியுமாக, அசல் சர்க்கார் குமாஸ்தாவாக வந்தார். ரிங் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். அட, நான் பண்ணின புளியோதரை! ஹீரோ அபிஷேக் தொடையைத் தட்டிச் சண்டைக்குக் கூப்பிட்டான். இவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பல்லைக் குத்திக்கொண்டே கையை வீசினார்.

"கல் ஆனா."

மண்டபம் கொதித்துவிட்டது. தில்லியில் அந்த வார்த்தையைக் கேட்காதவர் உண்டா? எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் நாற்காலிமேல் ஏறி நின்று திட்டினார். எனக்கானால் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் அபிஷேக் இவரைத் தூக்கிக் கயிற்றுக்கு மேலாக வெளியே போட்டான். பேசி வைத்ததுதான். ஆனால் கீழே போட்டிருந்த மெத்தை விலகியிருந்தது. பாதி உடம்பு மெத்தையிலும் பாதி சிமெண்டுத் தரையிலுமாக என் காலடியிலேயே விழுந்தார். அசையவில்லை.

என் உயிர் என்னிடம் இல்லை. ஐயோ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. சுற்றிலும் ஜனம், "மாரோ, மாரோ!" என்று அடிக்கச் சொல்லிக் கத்துகிறது. நான் அழுதால் இவர் ஆசைப்பட்டதெல்லாம் மண்ணாய்ப் போகும். அழாமல் நிற்கவும் முடியாது. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பாய்ந்தேன். இவர் கையைப் பிடித்து உலுக்கி, திட்டுகிற மாதிரி விரலை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"எங்கே அடி? கழுத்தா? தலை சுத்தறதா? பெருமாளே, கண்ணைத் திறந்து பாருங்கோ! ஒத்தடம் குடுக்கட்டுமா?"

ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. நான் ஏழு தலைமுறையையும் இழுத்து வைகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஜனம் விசிலடித்தது. "விடாதேம்மா!" என்று பெரியவர் குரல் கொடுத்தார்.

என் கைக்குள் இவர் விரல்கள் மெதுவாக இறுகின. ஓர் அழுத்து.

அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தார். நானும் அழுத்தினேன்.

இவர் எழுந்தார். முஷ்டியை என் முகத்துக்கு நேராக ஆட்டி, கண்ணை உருட்டி, மண்டபம் அதிரக் கர்ஜித்தார்: "ஒண்ணும் ஆகலைடி! மூச்சு அடைச்சுண்டுடுத்து, அவ்வளவுதான்! நீ காலமேருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலையே! போய் ஏதாவது சாப்பிடு!"

ஒரு பொம்மனாட்டியிடம் இப்படிக் கத்துகிறானே என்று ஜனத்துக்கு வெறியே வந்துவிட்டது. பாப்கார்ன் பொட்டலங்கள் பறந்தன. கடைசியில் அபிஷேக் இவரைப் புரட்டி எடுத்தபோது கூரை இடிந்துவிடும் போலிருந்தது. ரிங்குக்கு அந்தப் பக்கம் குர்தீப் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஷோ முடிந்தும் வில்லன் வில்லன்தான். ஜனங்கள் பார்க்க நாங்கள் சேர்ந்து போகக்கூடாது. இவர் பின்வாசல் வழியாகப் போனார். நான் மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். மனசு நிம்மதியாக இருந்தது. ஷோ பார்த்த ஒரு பஞ்சாபிப் பெண்மணி என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

"நன்றாகக் கேட்டீர்கள் பெஹன்ஜி," என்றாள் ஹிந்தியில். "இப்படிப்பட்ட ராட்சசனோடு எவள் குடித்தனம் பண்ணுகிறாளோ, பாவம்!"

"ரொம்பப் பாவம்," என்றேன்.