கடலில் துணி காயுமா

எங்கள் மலையில் மார்கழி, தை மாதங்களில் துணி காயாது. காலையில் கொடியில் போட்டால் மதியம் வரைக்கும் பனி இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். கடைசியில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தி, புகை நாற்றத்தோடு உடுத்துவோம். அதனால் ஊருக்குக் கிளம்பும்போது கீழே இருப்பவர்கள் எத்தனை நாள் தங்கப்போகிறோம் என்று பார்த்துத் துணி எடுத்தால், நாங்கள் எத்தனை நாள் காயாது என்று பார்த்து எடுப்போம்.

நான் அந்த மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் கணவர் மிளகும் மரவள்ளியும் போடுகிறார். துணி எடுத்து வைப்பதையெல்லாம் ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. போன தை மாதம் ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். மார்கழியில் ஒரு நாள் போன் செய்து, "அம்மா, எல்லாரும் கப்பல்ல போறோம். டிக்கெட் போட்டாச்சு, வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றாள். கொச்சியில் ஏறி, மூன்று ராத்திரி கடலில் இருந்துவிட்டு, கொச்சிக்கே திரும்புவது. அவள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா அம்மா, நாங்கள் இருவர். ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் கூடாது, ராத்திரி சாப்பாட்டுக்கு ஆண்கள் பேன்ட் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்றும் சொன்னாள்.

என் கணவர் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. எந்தப் பயணம் வந்தாலும் மாட்டுக்கு ஒருவர் வேண்டும், காட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று அவர்தான் நின்றுவிடுவார். கப்பல் என்றதும் மனிதர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், பஸ் கண்டக்டரிடம் சொன்னார், மாட்டிடம்கூடச் சொல்லியிருப்பார். "கடல்ல உப்பு வாசம் அடிக்குமாமே புள்ள" என்று என்னிடமே கேட்பார். எனக்கென்ன தெரியும்? நான் மட்டும் கப்பலிலா பிறந்தேன்?

மகளுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆடி மாதம் அவருக்குச் சேலத்தில் ஒரு ஆபரேஷன் நடந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் நிற்கவில்லை என்பது தெரியாது. தும்மினால், இருமினால், படி ஏறினால், சில சமயம் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும் என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி வந்தேன். ஒரே நாள் கட்டினார். புண்ணாகிவிட்டது, வேண்டாம் என்றார். புண் உடம்பில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வார். மோசமான நாளில் வேட்டி ஆறு ஏழு மாறும்.

இதை மகளிடம் சொல்லக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அவளிடம் சொன்னால் மாப்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளையிடமிருந்து சம்பந்திக்குப் போகும். பெண் கொடுத்த வீட்டின் முன்னால் தலைநிமிர்ந்து நடந்த மனிதர். அது போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

ஆக, கப்பலுக்கு எத்தனை துணி? நான் கணக்குப் போட்டேன். வெள்ளை வேட்டி ஆகாது, ஈரம் பட்டால் தூரத்திலிருந்தே தெரியும். கருநீலம், கறுப்பு, அடர்ந்த காப்பி நிறத்தில் பேன்ட் வேண்டும். நாமக்கல்லுக்குப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர், "அய்யாவுக்கு வெளிர் கலர் எடுப்பா இருக்குங்க" என்று எடுத்து எடுத்துப் போட்டார். அவரை ஒரு அறை விடலாம் போலிருந்தது. நல்ல மனிதர், பாவம், அவருக்கென்ன தெரியும்?

எத்தனை வைத்தாலும் நனைந்ததை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. "அலசிப்போட எடம் இருக்குமா?" என்று அவர் கேட்டார். "அலசிடலாங்க. காயணுமே" என்றேன். அவர் கொடியைப் பார்த்தார். அதில் முந்தாநாள் போட்ட வேட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. "நம்ம மலையிலயே பனிக்குக் காய மாட்டேங்குது. அங்க சுத்தியும் தண்ணி. எங்க காயும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கடல் என்றால் எங்கள் பனியைவிடப் பத்து மடங்கு ஈரமாகத்தானே இருக்கும்? மகளிடம் விசாரித்திருக்கலாம். துணி காயுமா என்று கேட்டால், மூன்று நாளைக்கு எதற்கம்மா துவைக்க வேண்டும் என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பொங்கல் கழிந்து ஒரு நாள், "கப்பலுக்கு முன்னாடி ஒரு வெள்ளோட்டம் பாத்துரலாம் புள்ள" என்றார். புதுக் கருநீல பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குக் கூட்டிப்போனார். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நாங்கள் அந்தப் படகில் ஏறியது கிடையாது. அதெல்லாம் டூரிஸ்ட் ஆட்களுக்கு என்று இருந்துவிட்டோம். மிதிக்கிற படகில் இருவரும் ஏறினோம். அவர் மிதித்த மிதிக்குப் படகு நேராகப் போகாமல் வட்டமடித்தது. "நல்ல டிரைவருங்க நீங்க" என்றேன். சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது.

குளத்தின் நடுவில் சட்டென்று மிதிப்பதை நிறுத்திவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. என் பக்கத்தை மட்டும் மிதித்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். கரையில் கூட்டம். படகைப் பிடித்து நிறுத்தியவர், "ஏனுங்க, எறங்குங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்றார். இவர் எழுந்திருக்கவில்லை. பிறகு குனிந்து, குளத்துத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளித் தன் மடியில் கொட்டிக்கொண்டார். "அட, நனஞ்சு போச்சே!" என்று சத்தமாகச் சொன்னார். நான் என்ன நினைத்தேனோ தெரியாது, நானும் அள்ளி என் சேலையில் கொட்டிக்கொண்டேன், அவர்மேலும் இறைத்தேன். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் எங்களைப் போட்டோ எடுத்தாள். இந்த வயதில் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யாரிடமோ சொன்னாள்.

ஈரத்துணியோடு வண்டியில் திரும்பினோம். குளிர்காற்று. நடுங்கிக்கொண்டே வண்டி ஓட்டினார். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிய பிறகுதான் பேசினார். "கப்பல்ல கடல்தண்ணிய எட்டி அள்ள முடியாது புள்ள."

நான் விடுவதாக இல்லை. கடலைப் பார்க்காமல் இந்த மனிதர் போய்ச் சேரக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. அங்கன்வாடியில் எத்தனை குழந்தைகளின் கால்சட்டையை மாற்றியிருக்கிறேன். ஒரு குழந்தையையாவது மற்ற பிள்ளைகள் கேலி செய்ய விட்டிருப்பேனா? இவருக்கு மட்டும் செய்ய முடியாதா? காயவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான்கு நாளுக்கும் வேண்டியதை உலர்ந்ததாகவே கொண்டுபோய்விடுவது, நனைந்ததை பாலித்தீன் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பது. அவர் பெட்டி நிறைந்தது. என் பெட்டியிலும் அவர் துணியை வைத்தேன். எனக்கு இரண்டு சேலை போதும், உடுத்துவது ஒன்று, மாற்றுக்கு ஒன்று. பெட்டிகளை மூடி வைத்தபோது ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

கிளம்புகிற அன்று காலை அவர் குளித்துவிட்டுப் பழைய வேட்டியோடு வந்து நின்றார். "மெளகு பறிக்க ஆளுங்க வாராங்க. நான் எங்க வாரது? நீ போய்ட்டு வா" என்றார். ஆட்களை அடுத்த வாரம் வரச்சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள் நான் மாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் போன் செய்து தேதியை மாற்றியிருக்கிறார்.

"நீங்க வல்லீன்னா நானும் போகல" என்றேன்.

"நீயும் நின்னுட்டா புள்ளைக்கு சந்தேகம் வந்துரும். கெளம்பு சாமி" என்றார்.

அவர் என்னைச் செல்லமாகச் சாமி என்று சொல்வது அபூர்வம். மகள் பிறந்தபோது ஒரு முறை சொன்னதாக ஞாபகம். நான் சேலை மாற்ற உள்ளே போனேன்.

மகளிடம் அவரே போன் செய்து சொன்னார். போனை அவர் காதில் வைத்திருந்தாலும் அவள் கத்தியது எனக்கே கேட்டது. "உங்களுக்கு நான் முக்கியமா, மெளகு முக்கியமாப்பா?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மெளகு வெல ஏறியிருக்குது கண்ணு" என்றார். வாழ்க்கையில் காசுக்காக ஒரு நாள் அலையாத மனிதர். மகள் வாயால் பேராசைக்காரன் என்று கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, எல்லோருக்கும் வருகிற தலைசுற்றல்கூட எனக்கு வரவில்லை.

கப்பலைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய கல்யாண மண்டபம் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஒரு அறை, சம்பந்திகள் ஒரு அறை. எங்களுக்குப் போட்டிருந்த அறையில் நான் மட்டும். இரண்டு தலையணை, இரண்டு துண்டு. பெட்டியைத் திறந்தேன். அதில் அவர் துணி ஒன்றுகூட இல்லை. நான் வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, பீரோவில் கிடந்த என் நல்ல சேலைகளை அடுக்கி வைத்திருந்தார். மடிக்கத் தெரியாமல் வேட்டி மடிப்பது போல மடித்திருந்தார். சேலைக்குப் பொருந்தாத ரவிக்கைகள். உள்பாவாடை ஒன்றுகூட இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று ராத்திரி சாப்பிட்டு வந்து, உடுத்தியிருந்த உள்பாவாடையையும் ரவிக்கையையும் குளியலறையில் அலசினேன். பிழிந்து கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று பார்த்தேன். குளிக்கிற இடத்துச் சுவரில் தலை உயரத்துக்கு மேல், சின்ன வட்டமாக ஒரு எவர்சில்வர் சாமான் இருந்தது. நடுவில் ஒரு குமிழ். ஆளைக் கூப்பிடுகிற மணியோ என்று பயந்துகொண்டே இழுத்தேன். மெல்லிய கயிறு வந்தது. இழுக்க இழுக்க வந்தது. எதிர்ச்சுவரில் அதை மாட்ட ஒரு கொக்கியும் இருந்தது. துணி காயப்போடுகிற கொடி. ஒவ்வொரு அறையிலும் அப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

துணியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தேன். ஏசி காற்றுக்கு மொரமொரவென்று காய்ந்திருந்தது. மடிப்பில்கூட ஈரம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் ராத்திரி அலசிப் போட்டிருக்கலாம், விடிவதற்குள் காய்ந்திருக்கும். ஒரு நாளைக்கு வேண்டிய பேன்ட் இருந்தாலே போதும். பெட்டிகூடத் தேவையில்லை, ஒரு மஞ்சப்பை போதும். இந்த மனிதர் கடலைப் பார்த்திருப்பார். மகள் வெளியே கதவைத் தட்டி, "அம்மா, வெளிய வாங்க, டால்பின் தெரியுது" என்று கூப்பிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி, "அப்பா வந்திருக்கலாம்ல" என்றாள். அவள் கோபமும் அழுகையும் எனக்குத் தெரிந்தது. சத்தியம் என் வாயைக் கட்டியிருந்தது.

நான் திரும்பி வந்த அன்று வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சோறு ஆக்கி வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்க ஆரம்பித்தார். கப்பல் ஆடுச்சா, சோறு போட்டாங்களா, தண்ணி நெசமா நீலமா, உப்பு வாசம் அடிச்சுதா. எல்லாவற்றுக்கும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "துணி காயப்போட எடம் இருந்துச்சா?" என்றார்.

"எங்கீங்க இருக்குது? ஒரு ஆணிகூடக் கெடையாது. அலசுனது அப்படியே நசநசன்னு கெடந்துச்சு. ஈரத்தோடதான் மூட்ட கட்டிட்டு வந்தேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூச்சை விட்டார். "நாந்தான் சொன்னனே புள்ள. சுத்தியும் தண்ணியில எங்க காயும்? நல்லவேள நான் வல்ல" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அன்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.