கண்ணாடி அலமாரிக் கற்கள்

கம்பத்தில் என் நண்பர் வீட்டு முன்னறையில் சின்ன விளக்குகள் வைத்த கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. பல வருடங்களாக நாங்கள் இருவரும் அலைந்து தேடிய அபூர்வக் கற்களை அவர் அதில் அடுக்கியிருந்தார். வருசநாட்டுப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்த வெள்ளைப் படிகக் கொத்துதான் அவருக்கு உயிர். வெறும் விரலால் யாரையும் தொட விடமாட்டார்.

மறதி நோய் வந்தபின் என் பெயரும் அவருக்கு மறந்துபோனது. போன மாதம் அவர் மனைவி போனில் அழுதார். "கற்கண்டுன்னு நெனச்சு அந்த வெள்ளக் கல்லக் கடிச்சுட்டாகண்ணே. பல்லு ஒடஞ்சு ஒரே ரத்தம். எல்லாத்தையும் நீங்களே கொண்டுபோயிருங்க."

மறுநாள் தேனியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். ஒவ்வொரு கல்லாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். நண்பர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டமாட்டாரா என்று மெதுவாகவே சுற்றினேன்.

"இதெல்லாம் யாரு வச்சிருந்தது?" என்று கேட்டார்.

"என் சிநேகிதர் ஒருத்தர்."

"குடுக்க அவுகளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றார்.

பெட்டியை மூடினேன். இன்னும் அதை நான் பிரிக்கவில்லை.